ரெட்டை நூல் அந்தோணிசாமி மாஸ்டர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், கைபேசி அடித்தது. விழுப்புரத்திலிருந்து ஜெசிந்தா. அந்தோணிசாமி மாஸ்டரின் மகள்.

"ஆன்ட்டி, அப்பா போய்ட்டாருங்க."

"எப்பம்மா?"

"இப்பதான். காபி குடிச்சாரு. சக்கரை பத்தலன்னு அம்மாகிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தாரு. அம்மா சக்கரை எடுத்துக்கினு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாரு."

மதியம் திண்டிவனத்து வீட்டுக்கு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அழுதாள். ஷட்டரை ஏற்றவும் தோன்றாமல் இறக்கவும் தோன்றாமல் நின்றேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இனி இந்த உலகத்தில் அந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அது என்ன விஷயம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாஸ்டருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. நாற்பது வருடம் தையல் கடை நடத்தியவர், இந்த ஊரில் பாதிக் கலியாண ஜாக்கெட்டுகளைத் தைத்தவர், தட்டில் இருப்பது பச்சை மிளகாயா பழுத்த மிளகாயா என்பதைக் கடித்துத்தான் தெரிந்துகொள்வார். இது வெளியே தெரிந்தால் தொழிலும் போகும், மானமும் போகும் என்று கடைசிவரை பயந்துகொண்டிருந்தார். இதை எழுத எனக்கு அனுமதி இருக்கிறது. அனுமதி கொடுத்தவர் யார் என்பது பின்னால் வரும்.

தையற்கலைஞர் சங்கத்தார் முப்பதாம் நாள் நினைவுக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, "எனக்குப் பட்டன் விக்கத்தான் தெரியும், தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது எழுதட்டும்" என்றேன். "தைக்கறவங்களுக்கு எழுத நேரம் எங்க மேடம், நீங்கதானே பக்கத்துக் கடை" என்றார்கள். நான் மட்டும் நேரத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன் போலும். ஆனாலும் பக்கத்துக் கடை என்பது உண்மை. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், என் நூல் பட்டன் கடைக்கும் மாஸ்டரின் தையல் கடைக்கும் நடுவே ஒரு தகர மறைப்புதான். அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் பட்டன் டப்பாக்கள் அதிரும்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் நான் கடையைத் திறந்த முதல் நாள், ஒருவர் வந்து, "ஓனர் இல்லியா?" என்று கேட்டார். "நான்தான் ஓனர்" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் மிஷின் சத்தம் நின்றது. தகர மறைப்புக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காதில் ஒரு துண்டுச் சாக்கட்டி.

"வணக்கம் ஓனரம்மா" என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு நான் ஓனரம்மா ஆகிவிட்டேன். கலைச்செல்வி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும்.

அவரைத் தெரியாதவர்களுக்காக அந்த ரெட்டை நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாத் தையல்காரரும் மிஷின் ஊசியில் ஒரு நூலைக் கோத்துத் தைப்பார்கள். மாஸ்டர் இரண்டு நூலைக் கோப்பார். ஒரே ஊசி, ஒரே காது, அதற்குள் இரண்டு நூல். அவருடைய கால் மிஷினில் நூல்கண்டு மாட்ட ஒரு கம்பிதான் உண்டு. இன்னொரு கண்டுக்காக ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்து அதன் பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தார். இரண்டு நூலையும் சேர்த்து எச்சில் தொட்டு முறுக்கி, கொஞ்சம் பெரிய காதுள்ள பதினெட்டாம் நம்பர் ஊசியில் ஒரே முயற்சியில் ஏற்றிவிடுவார். நூலை அழுத்தும் திருகை அரைச் சுற்று தளர்த்துவார். பிறகு மிதிக்க ஆரம்பித்தால் மிஷினுக்கே ஒரு கனத்த குரல் வந்துவிடும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு நூல் அறுந்தாலும் மற்றது ஓடிக்கொண்டே இருக்கும். தைப்பவருக்குத் தெரியாது. மாஸ்டருக்கு மட்டும் தெரியும். தலையை நிமிர்த்தாமலே, "சத்தம் மாறிச்சு" என்று நிறுத்திவிடுவார். அவருடைய காது அப்படிப்பட்ட காது. கண் எப்படிப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"எதுக்கு மாஸ்டர் ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒத்த நூலை நம்பிக்கினு மனுஷன் பஸ் ஏறலாமா ஓனரம்மா? குனிஞ்சா இன்னா ஆவறது?"

நியாயமாகத்தான் பட்டது. அவருடைய தையல் பிரியாது என்பதற்குச் சாட்சியும் இருந்தது. கிளியனூரில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்யும் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, பேண்ட்டை இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டு வந்தார். துணி கண்டபடி கிழிந்திருந்தது. தையல் மட்டும் ஒரு ஓரமாக, எதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல முழுசாக நின்றது. மாஸ்டர் அந்தத் துண்டைக் கடை வாசலில் ஆறு மாதம் தொங்கவிட்டிருந்தார். வியாபாரி ஒவ்வொரு முறை சந்தைக்கு வரும்போதும் தன் மானம் காற்றில் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

பிரியாத தையலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலியாணத்துக்குப் பிறகு உடம்பு போட்ட பெண்கள் ஜாக்கெட்டைப் பிரித்துக் கேட்டு வந்தால் மாஸ்டர் முகம் கறுத்துவிடும். இரண்டு நூல் தையலைப் பிரிப்பதற்குள் துணியின் உயிர் போய்விடும். "உடம்பைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, நான் தச்சது தச்சதுதான்" என்பார். ஒரு பெண் கோபித்துக்கொண்டு போய், மூன்று மாதம் கழித்து அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனாள். மாஸ்டரால் இளைத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஆனால் ரெட்டை நூலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பலம் அல்ல, நிறம். மற்ற தையல்காரர்கள் துணியின் ஓரத்தில் துளி வெட்டி என்னிடம் அனுப்பி, மேச்சிங் நூல் கேட்பார்கள். மாஸ்டர் கேட்கமாட்டார். தானே கடைக்குள் வந்து, நூல் அடுக்கின் முன் நின்று, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, இரண்டு கண்டுகளை எடுப்பார். அந்தத் தோரணையைப் பார்த்தால் பேச வாய் வராது. விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை காப்பிக்கொட்டை நிறப் பட்டு கொண்டுவந்தபோது, மாஸ்டர் ஒரு கையில் சிவப்பும் ஒரு கையில் பாசிப் பச்சையும் எடுத்துக்கொண்டு போனார். நான் பதறி, "மாஸ்டர், இது ரெண்டும் இதுக்குச் சேராதே" என்றேன்.

"தச்சப்புறம் பாருங்க" என்றார்.

தைத்தபின் பார்த்தேன். கைத்தூரத்தில் வைத்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, தையலே துணிக்குள் மறைந்துவிட்டது. பேராசிரியை கல்லூரி முழுக்கச் சொல்ல, விழுப்புரத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள். விழுப்புரத்தில் இல்லாத தையல்காரரா? இருந்தாலும் ரெட்டை நூலுக்குத் திண்டிவனம்தான் என்று ஆகிவிட்டது. சாம்பல் நிற சஃபாரி சூட்டுக்கு மாஸ்டர் ஒரு நூல் ரோஸ் கலரில் ஓட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு போனவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அதே மாதிரி கேட்டு வந்தார்கள். "அது ஒரு லுக்குங்க" என்றார் மாஸ்டர். நானும் அவரைப் பெரிய கலைஞர் என்றே நம்பியிருந்தேன். பதினோரு வருடம் நம்பினேன். நூல் விற்பவள் நான், எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.

அப்புறம்தான் கொடி விவகாரம் வந்தது.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பிள்ளைகளை வைத்துச் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம் நடத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். கைக்கொடிகள் வேண்டும். சிவப்பில் நாற்பது, பச்சையில் நாற்பது. என் கடையில் இருந்த லைனிங் துணியையே வாங்கினார்கள். பள்ளியின் பி.டி. சார் வெள்ளைத் துணியில் 'நில்', 'செல்' என்று எழுத்துகளை வெட்டி இரண்டு கவரில் கொடுத்துவிட்டுப் போனார். எதில் எதை வைத்துத் தைப்பது என்று அவர் சொல்லவில்லை. யாராவது சொல்வார்களா?

அந்த வாரம் மாஸ்டரின் மனைவி பிலோமினா அக்கா, ஜெசிந்தாவின் பிரசவத்துக்காக விழுப்புரம் போயிருந்தார். வழக்கமாகத் தைத்ததெல்லாம் சாயந்திரம் வீட்டுக்குப் போகும். அக்காதான் கொக்கி, பட்டன் வைத்து, மடித்துக் கொடுப்பார். அந்த முறை மாஸ்டர் தனியாகவே எண்பது கொடியையும் தைத்து, தானே மடித்து, கட்டி, அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஊர்வலம் எங்கள் சந்து முனைக்கு வந்தது. நான் வேடிக்கை பார்க்க வெளியே வந்தேன். பிள்ளைகள் வரிசையாகப் பச்சைக் கொடியை உயர்த்தினார்கள். அதில் 'நில்' என்றிருந்தது. சிவப்பை உயர்த்தினார்கள். 'செல்' என்றிருந்தது. எண்பதில் ஒன்றுகூடத் தப்பித் தவறிச் சரியாக இல்லை. ஒரு டவுன் பஸ் கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா கண்ணுங்களா, நிக்கறதா போறதா? ஜல்தியா ஒரு முடிவுக்கு வாங்க!"

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பிள்ளைகளுக்கு ஒரே குஷி, இரண்டு கொடியையும் சேர்த்து ஆட்டினார்கள். பி.டி. சார் வியர்த்து விறுவிறுத்து மாஸ்டர் கடைக்கு ஓடி வந்தார்.

"இன்னா மாஸ்டர் இது? பச்சையில போய் 'நில்'லுன்னு தச்சிருக்கீங்க! கலர் தெரியாதா உங்களுக்கு?"

மாஸ்டர் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார். எப்போதும் பத்து வார்த்தைக்கு இருபது வார்த்தை திருப்புகிற மனிதர், மிஷின் மேலே இருந்த நூல்கண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கண்டையும் அந்தச் சுருங்கிய கண்ணையும் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பதினோரு வருடத்து 'லுக்கு' எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"சார், அவரை ஏன் கேக்கறீங்க? தப்பு என்னுது. எதுல எதுன்னு சீட்டு எழுதிக் கட்டுமேல வெச்சது நான்தான். மாத்தி வெச்சிட்டேன்."

"ஏம்மா, நூல் கடை வெச்சிக்கினு உங்களுக்குச் செகப்பு பச்சை தெரியலியா?"

"கண்ணு கொஞ்ச நாளா சரியில்ல சார். ஆப்பரேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க."

எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. ஊசிக் காது எட்டி இருந்தாலும் எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து என் கடையில் நூல் வாங்குகிறவர்கள், கண்டை வெளியே எடுத்துப் போய் வெயிலில் பிடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இன்றுவரை. மாஸ்டர் இறந்த செய்தி வந்த அந்தக் காலையில்கூட, பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்து மாம்பழ நிறம் வாங்கிய ஓர் அம்மாள், வெயிலில் பார்த்துவிட்டு, "சரியாத்தான் குடுத்திருக்கீங்க" என்று ஆச்சரியப்பட்டார்.

ஊர்வலத்தன்று கூட்டம் கலைந்தபின் மாஸ்டர் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செகப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதாங்க. ரெண்டுமே மண்ணு மாதிரிதான் தெரியும்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். வாலிபத்தில் விழுப்புரத்தில் ரயில்வே வேலைக்குத் தேறி, மருத்துவச் சோதனைக்குப் போயிருக்கிறார். புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைப் பிரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "நம்பரா? சிமெண்ட் தரையாட்டம் கீது சார்னு சொன்னேன். வூட்டுக்கு அனுப்பிட்டாங்க." அந்த மாதமே அவருக்குப் பெண் பார்த்தார்கள். விழுப்புரத்தில் பேர்போன தையல்காரரின் மகள் பிலோமினா. மாமனார் பெண்ணோடு ஒரு மிஷினையும் கொடுத்துத் தொழிலும் சொல்லிக்கொடுத்தார். மிஷினை முன்னால் வைத்துக்கொண்டு, எனக்கு நிறம் தெரியாது என்று அந்த மாமனாரிடம் சொல்ல எந்த மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

"அதுக்குத்தான் ரெண்டு நூலுங்க. ரெண்டு போட்டா ஒண்ணாவது சரியா இருக்காதா? பாதி ரைட்டுன்னா முழு தப்பு இல்லியே."

இவ்வளவுதான் அந்தக் கலை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கும் தெரியாது. பிலோமினாவுக்குக்கூட. தெரிஞ்சா, அவங்க அப்பாவை ஏமாத்திக் கட்டிக்கினேன்னு ஆயிடும். உங்களோட போவட்டும் ஓனரம்மா."

கர்த்தர் மேல் சத்தியம் வாங்க வந்தார். நான் கர்த்தரைக் கும்பிடுகிறவள் இல்லையே என்று யோசித்து, என் பட்டன் டப்பா மேல் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நூலை நானே எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் சரியான நிறம் ஒன்று போதுமே என்று ஒரே கண்டைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ரெட்டை நூல் எங்கே, எங்களை மட்டும் ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல், ஒரு சரியான கண்டும் அதற்குத் துணையாக ஒரு தப்பான கண்டும் தேடி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சரியானதை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். அழகான தப்பைக் கண்டுபிடிப்பது இருக்கிறதே, அதற்குத்தான் பிராணன் போகும். மாஸ்டர் தைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம பழைய லுக்கு வர்லியே" என்று குறை வேறு சொல்வார். அவருக்கு என்ன தெரிந்தது, வரவில்லை என்று சொல்ல? பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். பேசாமல் இருந்த வாரங்களும் உண்டு. அந்த வாரங்களில் தகர மறைப்பின் மேல் இரண்டு விரல்கள் மட்டும் தெரியும். நான் இரண்டு கண்டுகளை அந்த விரல்களுக்கு நடுவில் வைப்பேன்.

பிலோமினா அக்காவின் புடவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாஸ்டர் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தானே போய்ப் புடவை எடுத்து, தானே ஜாக்கெட் துணி எடுத்து, தைத்துக் கொடுப்பார். கிளிப்பச்சைப் புடவைக்கு ஆரஞ்சு ஜாக்கெட். செங்கல் நிறப் புடவைக்குப் பாசிப்பச்சை. அக்கா அதைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனால், பூசை நேரத்தில் பிள்ளைகள் பீடத்தைப் பார்க்காமல் அக்காவைத்தான் பார்ப்பார்கள். "எங்கூட்டுக்காரரு செலக்‌ஷன்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வார். பாவம், ஒன்றும் தெரியாத வெள்ளை மனசு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எட்டு மாதம் முன் மாஸ்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனம் என்றார்கள். கடையை மூடிவிட்டு, அக்காவோடு விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. ஜெசிந்தாவின் மிஷினில் வீட்டுத் திரைச்சீலைகளுக்கெல்லாம் ரெட்டை நூல் ஓட்டிவிட்டார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவிடம், "பிலோமி, ஓனரம்மாவுக்கு டீ போடு. நிதானமா போடு" என்றார். அக்கா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை அப்படி உருட்டினார். ஒரு டீக்கு எதற்கு இத்தனை பாத்திரம் என்று தோன்றியது.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நம்ம விஷயம்?"

"என்னோட இருக்குது மாஸ்டர்."

"சாவுறதுக்கு பயமில்லிங்க. செத்தப்புறம் எல்லாரும் நின்னு, 'குருட்டு டெய்லரு, நாப்பது வருசம் ஏமாத்திக்கினு இருந்தான்'னு சொல்லுவாங்களே, அதுதான் பேஜாரா கீது."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரும்வரை விடவில்லை. அதுதான் அவரை நான் உயிரோடு பார்த்த கடைசி நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் உடல் வந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெட்டியில் மாஸ்டர், வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. பக்கத்தில் பிலோமினா அக்கா கிளிப்பச்சைப் புடவையும் ஆரஞ்சு ஜாக்கெட்டுமாக உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரப் பெண்கள் யாரோ வெள்ளைப் புடவையோடு வந்திருக்கிறார்கள். "அவரு எடுத்துக் குடுத்ததைக் கட்டிக்கினுதான் அனுப்புவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாராம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்கள் சந்தில் இஸ்திரி போடும் ஏழுமலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அக்கா, மனசுல வெச்சிக்கினு இருக்க முடியல. யார்கிட்டயும் சொல்லாதீங்க. நம்ம மாஸ்டருக்குக் கலர் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். பதினஞ்சு வருசமா வெளிய வுடல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எழுந்துபோன பத்தாவது நிமிடம், விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அந்தப் பேராசிரியை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். மல்லாட்டை வியாபாரிக்கும் தெரியும். பங்குத்தந்தையிடம் போய், "சாமி, உங்களுக்கு எதாவது..." என்று இழுத்தேன். "அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதைப் பற்றி என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. வாரா வாரம் பாவசங்கீர்த்தனத்தில், சாமி வெளியே சொல்லக் கூடாத அந்தப் பாவ அறிக்கையில், மாஸ்டர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் போலும்.

கடைசியாக பி.டி. சார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அன்னிக்கே தெரியும் மேடம். சீட்டு மாறியிருந்தாலும், எண்பது கொடி தைக்கற வரைக்கும் பச்சையில 'நில்'லுன்னு இருக்கறது தோணலன்னா வேற இன்னா காரணம் இருக்க முடியும்? எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாதுன்னு அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டேன். அதான் யார்கிட்டயும் பேசல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப நான் பொய் சொன்னது தெரிஞ்சும் ஊரே ஏன் சார் என் நூலை வெயில்ல புடிச்சுப் பார்க்குது?"

அவர் தயங்கினார். "அது வேறங்க. அவருக்கும் கலர் தெரியாது, உங்களுக்கும் கண்ணு சரியில்லன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருக்கோம்."

பன்னிரண்டு வருடம் என் பேரைக் கெடுத்துக்கொண்டு நான் காத்த ரகசியம், ஊரில் ஆளுக்கு ஒன்றாக இருந்திருக்கிறது. நாற்பது வருடம் ஒரு மனிதர் பயந்து செத்திருக்கிறார். ஒருவராவது, "தெரியும் மாஸ்டர், அதனால இன்னா இப்ப?" என்று சொல்லியிருக்கக் கூடாதா? நான் சொல்லியிருக்கலாமே என்றால், மற்றவர்களுக்கும் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெளியே இத்தனை பேர் என் காதைக் கடித்தார்களே, வீட்டு வாசற்படி ஏறியதும் ஒவ்வொருவரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"வெளிய எல்லாரும் சொல்லிட்டாங்களா?" என்றார் மெதுவாக.

"அக்கா, உங்களுக்கும்..."

"கல்யாணம் ஆன மொத வாரமே தெரியும். தக்காளிப் பழம் வாங்கினு வாங்கன்னு அனுப்பினேன். ஒரு பையி நெறையக் காயா வாங்கினு வந்து, நல்ல பழமாப் பாத்துப் பொறுக்கினேன்னாரு. தெரியும்னு காட்டிக்கினா மிஷினை வுட்டுட்டு எங்கியாவது ஓடிடுவாருன்னு பயம். கொக்கி வெக்கறப்ப ரொம்பத் தப்பா இருக்கறதை நானே பிரிச்சித் தச்சிடுவேன். அந்தக் கொடி சமயத்துல நான் ஊர்ல இல்லாம பூட்டேன்."

"நீங்க டீ போட்டப்ப..."

"நீங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசிக்கினு இருந்தா, எனக்குக் காது கேக்கக் கூடாதில்ல? அதான் பாத்திரத்தை உருட்டினேன்." அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இதை எழுதலாம் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். "எழுதும்மா, அவரு பயந்த மாதிரி ஒண்ணும் ஆவலன்னு எழுது" என்றார்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. கடைசியாகப் பார்ப்பவர்கள் வரிசையாக வந்தார்கள். நான் குனிந்தபோது, மாஸ்டரை நன்றாகத் திட்டிவிடவேண்டும் என்றுதான் குனிந்தேன். ஊருக்கே தெரியும் மாஸ்டர், நீங்கள்தான் வீணாகப் பயந்து என் பேரையும் சேர்த்துக் கெடுத்தீர்கள் என்று சொல்ல வாய் துடித்தது. அவர் முகம் யாரிடமும் மாட்டிக்கொள்ளாத நிம்மதியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

"யாருக்கும் தெரியாது மாஸ்டர்" என்றேன். "நிம்மதியாப் போங்க."

துக்கத்தில் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் ஏழுமலை நின்றார், பேராசிரியை நின்றார், பி.டி. சார் நின்றார், அவர்களுக்குப் பின்னால் சந்தே நின்றது. எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.